கார்டு இன்சூரன்ஸ் போதுமா, தனி பாலிசி எடுக்கணுமா? (அப்பா, அம்மா, ஜெர்மனி, 45 நாள்)

கோத்தகிரிக்காரன் · 2025 நவம்பர் 3, காலை 8.40

அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. தங்கச்சி பிராங்க்பர்ட்ல இருக்கா. டிசம்பர் கடைசில கிளம்பி 45 நாள் தங்குறாங்க. என்கிட்ட இருக்கிறது வருஷக் கட்டணம் கட்டுற பெரிய கிரெடிட் கார்டு. விமான விபத்துக்கு 1 கோடி, வெளிநாட்டு மருத்துவச் செலவு, லக்கேஜ் இழப்பு எல்லாம் கார்டோடயே இலவசம்னு பேங்க் சொல்லுது. டிராவல்ஸ்காரர் தனியா பாலிசி எடுங்கன்றார். அவருக்கு அதுல கமிஷன் உண்டுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேர் டிக்கெட்டையும் என் கார்டுல போட்டா போதாதா? அப்பாவுக்கு பி.பி. மாத்திரை ஓடுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 3, காலை 10.15

போதாது தம்பி. கார்டோடு வரும் காப்பீடு கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. உங்கள் கார்டில் அப்பாவுக்கு டிக்கெட் எடுத்தால் அப்பாவுக்குக் காப்பீடு வந்துவிடாது. ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே வீட்டாருக்குத் தரும் கூடுதல் கார்டு) வாங்கிக் கொடுத்தாலும், அதை வைத்திருப்பவரைச் சேர்க்காத திட்டங்கள்தான் இங்கே அதிகம்.

இது பேங்க் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எடுத்திருக்கும் குழு பாலிசி. பாலிசிதாரர் பேங்க். கார்டு வைத்திருப்பவர் அதில் ஓர் உறுப்பினர். ஒவ்வொரு வருடமும் அது புதுப்பிக்கப்படும், நிறுவனமே மாறலாம், தொகையும் மாறலாம். பேங்க் இணையப் பக்கத்தில் இருப்பது சுருக்கம் மட்டும். கிளெய்ம் மேசையில் பார்ப்பது மூலப் பாலிசியின் விதிகளை.

அந்த 1 கோடி, விமான விபத்தில் உயிர் போனால் நாமினிக்குக் கிடைப்பது. பிராங்க்பர்ட்டில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. 67 வயதில் பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

வெலிங்டன்_வங்கி · நவம்பர் 3, மதியம் 12.50

கேத்தி சொன்னதோடு சேர்த்து: கார்டு பேரில் உள்ளவரே பயணம் போனாலும் காப்பீடு தானாக உயிர் பெறாது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும்.

முழு டிக்கெட் தொகையும் அந்தக் கார்டில் போயிருக்க வேண்டும். பாயின்ட்டில் டிக்கெட் எடுத்து வரி மட்டும் கார்டில் கட்டினால் பல திட்டங்களில் சேராது. நம் மலை ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இன்னொன்று: கோயம்புத்தூர் டிராவல்ஸ்காரர் தன் கணக்கில் டிக்கெட் போட்டுவிடுவார், நாம் அவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்புவோம். அந்த டிக்கெட் உங்கள் கார்டில் வாங்கியதாகக் கணக்கில் வராது. கார்டு ஸ்டேட்மென்டில் விமான நிறுவனத்தின் பெயரோ டிக்கெட் தளத்தின் பெயரோ இருக்க வேண்டும்.

அடுத்தது, கார்டு உயிரோடு இருக்க வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய 30 நாளில் ஒரு செலவாவது இருக்க வேண்டும் என்று சில கார்டு, 90 நாள் என்று சில. பில் பாக்கி நின்றிருந்தால் சில இடங்களில் அதுவே மறுப்புக்குப் போதும்.

மூன்றாவது நாமினி. கிரெடிட் கார்டு குறித்த ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில், கார்டோடு காப்பீடு கொடுக்கும் வங்கி நாமினி விவரத்தை எழுத்திலோ டிஜிட்டலிலோ வாங்கி, அது இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பதிவாவதை உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் பாதிப் பேருக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். இன்றே நெட் பேங்கிங்கில் பாருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடங்கிய கடிதத்தையும் பேங்க்கில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கோத்தகிரிக்காரன் · நவம்பர் 3, மாலை 6.05

புரியுது. சரி, அப்பாவே அவர் பேர்ல ஒரு கார்டு எடுத்து டிக்கெட் போட்டா?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 3, மாலை 6.30

விசாவிலேயே நின்றுவிடும்.

ஜெர்மனிக்கு எடுப்பது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா. அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டம் (810/2009) 15ஆம் பிரிவில் இருக்கிறது: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்ல வேண்டும், தங்கும் காலம் முழுவதும் இருக்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குத் திருப்பி அனுப்புவது, அவசரச் சிகிச்சை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, இறப்பு, இத்தனையையும் உள்ளடக்க வேண்டும். இப்போது 29 நாடு. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன.

விசா மையத்தில் கேட்பது ஒரு சான்றிதழ்: பயணியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பாஸ்போர்ட் எண், ஆரம்பத் தேதி, முடியும் தேதி, தொகை, செல்லும் நாடுகள். கார்டு காப்பீட்டுக்கு இப்படி ஆள் பேரில் சான்றிதழ் கொடுக்கும் பேங்க் அரிது. கார்டு கையேட்டின் பக்கத்தை அச்சடித்து வைத்தால் வாங்க மாட்டார்கள்.

தனி பாலிசியில் இந்தச் சான்றிதழ், பணம் கட்டிய சில நிமிடத்தில் மெயிலில் பி.டி.எஃப்.பாக வரும். அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை விண்ணப்பத்தோடும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். எல்லையில் அதைக் கேட்கும் உரிமை அங்குள்ள அதிகாரிகளுக்கு உண்டு.

பெருமாள்மலை · நவம்பர் 4, காலை 7.20

டிக்கெட் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் தேதி பற்றி. சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். 27ஆம் தேதி அதிகாலை என்றால் 26ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பாலிசியில் 26ஆ 27ஆ என்று குழம்பி 28 போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எந்தத் தேதியில் குடியேற்ற முத்திரை விழுமோ, அதற்கு ஒரு நாள் முன்பே ஆரம்பியுங்கள்.

திரும்புவதும் அப்படியே. டிசம்பர் 27 முதல் பிப்ரவரி 9 வரை எண்ணினால் சரியாக 45 நாள். 9ஆம் தேதி இரவு பிராங்க்பர்ட்டில் ஏறினால் சென்னையில் இறங்குவது 10ஆம் தேதி. 45 நாள் பாலிசி முந்தின நாளே முடிந்துவிடும். பிரீமியம் நாள் வாரியான படிகளில் ஏறும், அந்த ஒரு நாளுக்காக அடுத்த படிக்குப் போனாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே போடுங்கள்.

இன்னொன்று. கோயம்புத்தூர்–சென்னை தனி டிக்கெட், சென்னை–பிராங்க்பர்ட் தனி டிக்கெட் என்று எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு. தனித்தனி என்றால் அது உங்கள் பாடு. பாலிசியின் இணைப்பு விமானப் பலன்கூட, இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு மணி நேரம் விட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும்.

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 4, காலை 9.45

இனி பி.பி. கதை. இதில்தான் கிளெய்ம்கள் விழுகின்றன, நிதானமாகப் படியுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோயைத் தனி பாலிசிகள் மூன்று விதமாக நடத்துகின்றன. சில அடியோடு விலக்கும். பல, உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் மட்டும், ஒரு குறிப்பிட்ட உச்சவரம்பு வரை கொடுக்கும். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் சேர்க்கும் திட்டங்கள் சிலவே. முழுத் தொகை 1 லட்சம் டாலர் என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும்; பி.பி.யால் வந்த பக்கவாதத்துக்கு அதில் சிறு பங்குதான் என்பது உள்ளே அட்டவணையில் இருக்கும். வாங்கும் முன் அந்த அட்டவணையைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

விண்ணப்பத்தில் பி.பி. உண்டு என்று சொல்லுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை வருடமாக, இரண்டும். சொல்லாமல் விட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே பழைய நோய் என்ன என்பது. பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகனோ பதற்றத்தில் "பத்து வருஷமா பி.பி." என்பார்கள். உண்மையில் ஆறு வருடமாக இருக்கும். அந்த வார்த்தை அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது மூன்றாவது வரியில் ஏறிவிடும். கிளெய்ம் பார்ப்பவர் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். விண்ணப்பத்தில் இல்லாத நோய் அங்கே இருந்தால் மறுப்புக் கடிதம் தயார். விண்ணப்பத்தில் ஆறு, சம்மரியில் பத்து என்றிருந்தாலும் இழுபறிதான். எனவே தங்கச்சியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நோய், ஆரம்பித்த வருடம், மாத்திரை, அளவு. வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே டாக்டரிடம் நீட்டட்டும்.

மாத்திரையை 45 நாளுக்கும், மேலே பத்து நாளுக்கும் சேர்த்து வாங்கிப் போங்கள். நம் ஊர் டாக்டர் சீட்டுக்கு அங்கே மருந்துக்கடையில் கொடுப்பார்கள் என்று நம்பக் கூடாது. தினசரி பி.பி. மாத்திரை வாங்கும் செலவு எந்தப் பயணப் பாலிசியிலும் வராது. பாதி கைப்பையில், பாதி பெட்டியில். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும்.

வெலிங்டன்_வங்கி · நவம்பர் 4, காலை 10.20

வயது வரம்பையும் பாருங்கள். 60ஐத் தாண்டியவர்களுக்கான பல திட்டங்களில் உள்வரம்பு இருக்கும்: அறை வாடகை ஒரு நாளுக்கு இவ்வளவு, ஐ.சி.யு. இவ்வளவு, அறுவைச் சிகிச்சை இவ்வளவு, ஆம்புலன்ஸ் இவ்வளவு. மொத்தத் தொகை பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு சிகிச்சையும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். உள்வரம்பு இல்லாத திட்டம் கொஞ்சம் விலை கூட. அப்பாவுக்கு அதையே எடுங்கள். அம்மாவுக்கும் 62 என்பதால் அதேதான்.

அப்புறம் டிடக்டிபிள். பொதுவாக ஒரு கிளெய்முக்கு 50 அல்லது 100 டாலர் நம் கையிலிருந்து. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து 80 யூரோ பில் என்றால், 100 டாலர் டிடக்டிபிள் உள்ள பாலிசியில் ஒன்றும் வராது. அது குறையில்லை, பாலிசி எடுப்பது பெரிய பில்லுக்காக.

பூம்பாறை · நவம்பர் 4, இரவு 9.10

நடுவுல ஒண்ணு. ஊர்ல வச்சிருக்கிற மெடிக்ளெய்ம் பாலிசி வெளிநாட்டுல செல்லாதா?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 4, இரவு 9.25

பொதுவாகச் செல்லாது. வெளிநாட்டுச் சிகிச்சை உண்டு என்று பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய.

கோத்தகிரிக்காரன் · நவம்பர் 5, காலை 8.00

தங்கச்சி அங்கேயே ஜெர்மன் கம்பெனில எடுத்துடறேன்றா. அது செல்லுமா?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 5, காலை 11.10

செல்லும். விண்ணப்பிப்பவருக்காக வேறொருவர் எடுக்கலாம் என்று அதே 15ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விருந்தினருக்கென்றே அங்கே திட்டங்கள் உண்டு. நல்லது என்னவென்றால், ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளூர் நிறுவனத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், பில்லும் கடிதமும் ஜெர்மன் மொழியிலேயே ஓடும். பார்க்க வேண்டியது வயது உச்சவரம்பு, பிறகு பழைய நோய். பல திட்டங்கள் பழைய நோயை வெளியே வைக்கும். அப்பாவின் பி.பி.க்கு எது அதிகம் கொடுக்கிறது என்று இரண்டு விதிமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தியப் பாலிசி எடுப்பதானால் விமானம் ஏறும் முன் எடுத்தாக வேண்டும். அங்கே இறங்கியபின் ஆன்லைனில் எடுத்தால் பணம் கட்டிய ரசீது மட்டும்தான் மிஞ்சும்.

வெலிங்டன்_வங்கி · நவம்பர் 5, மதியம் 1.00

விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் சிறு தொகை பிடித்துக்கொண்டு பிரீமியத்தைத் திருப்பும் நிறுவனங்கள் பல. ஆனால் அது பாலிசி ஆரம்பத் தேதிக்கு முன் கேட்க வேண்டும். விமான டிக்கெட் பணம் வேறு விஷயம். பயண ரத்துப் பலன் என்பது மரணம், ஆஸ்பத்திரி சேர்க்கை போன்ற சில காரணங்களுக்கு மட்டும். விசா மறுப்பு பெரும்பாலும் அதில் இராது.

பெருமாள்மலை · நவம்பர் 6, காலை 6.50

யாரும் கேட்கவில்லை, ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை. மழையில் மலைப்பாதை சரிந்து விமானம் போய்விட்டால் கார்டும் கொடுக்காது, பெரும்பாலான பாலிசியும் கொடுக்காது.

பயணத் தாமதம் என்று பாலிசியில் இருப்பது விமானத்தின் தாமதம். இணைப்பைத் தவறவிட்டால் என்பது, முதலில் வந்த விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால். வீட்டிலிருந்து விமான நிலையம் வரை உள்ள வழி இரண்டிலும் இல்லை. புறப்பாட்டையே தவறவிட்டால் என்று சில விலை உயர்ந்த திட்டங்களில் ஒரு பிரிவு உண்டு. அங்கேயும் பொதுப் போக்குவரத்து வாகனம் பழுதானாலோ விபத்தானாலோ என்றுதான் இருக்கும். வாடகை டாக்ஸி அதில் சேருமா என்று சொல் வரையறைப் பக்கத்தில் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் ஒரு மரம் விழுந்தாலே இரண்டு மணி நேரம் போய்விடும். அது அடைபட்டால் கோத்தகிரி வழியாகத் திருப்புவார்கள், அப்போது உங்கள் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டரும் ஊர்ந்துதான் இறங்க வேண்டும். மஞ்சூர்–கெத்தை–காரமடை பாதை ஒன்று இருக்கிறது, யானை நடமாட்டம் உள்ள காடு, இரவில் நம்ப முடியாது. எங்கள் கொடைக்கானல் பக்கம் வத்தலகுண்டு சாலை அடைபட்டால் பழனி சாலை. அடுக்கம் வழி மழைக்காலத்தில் அதுவே சரியும்.

ஆகவே பிரீமியத்தில் 500 ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, முதல் நாள் மாலையே இறங்கி கோயம்புத்தூரில் ஓர் இரவு தங்குவதுதான் காப்பீடு. நீலகிரிப் பதிவு எண் டி.என்.43 டாக்ஸியாகப் பேசுங்கள். 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் உண்டு, உள்ளூர் வண்டிக்கு வேண்டாம். டிசம்பர் கடைசி விடுமுறைக் கூட்டத்தில் சமவெளியிலிருந்து வண்டி வரவழைத்தால் கல்லாரில் நிற்கும் வரிசையில் அதுவும் நிற்கும்.

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 6, காலை 8.30

பெருமாள்மலை சொன்னதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாலை மூடப்பட்டதற்கு மாவட்ட நிர்வாக அறிவிப்பு வந்தால் அதையும், பயணி வரவில்லை என்று விமான நிறுவனம் கொடுக்கும் சான்றையும் சேமியுங்கள். சில விமான நிறுவனங்கள் அதைப் பார்த்து டிக்கெட் மாற்றக் கட்டணத்தைக் குறைக்கும். கேட்டால்தான் குறைக்கும்.

கோத்தகிரிக்காரன் · நவம்பர் 6, இரவு 8.15

அப்போ கார்டு எதுக்குமே உதவாதா? வருஷத்துக்குப் பத்தாயிரம் கட்டறேன்.

வெலிங்டன்_வங்கி · நவம்பர் 6, இரவு 9.40

உதவும், நீங்களே போகும்போது. உங்கள் பேரில், உங்கள் கார்டில் டிக்கெட் போட்டு, நாமினியும் பதிந்திருந்தால் விமான விபத்துத் தொகை பெரியது; தனி பாலிசியில் அவ்வளவு கிடைக்காது. லக்கேஜ் தாமதம், பாஸ்போர்ட் தொலைந்தது போன்ற சின்னப் பலன்களும் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தனி பாலிசி, டிக்கெட்டுக்குக் கார்டு. உங்கள் வயதில் மூன்று நாள் சிங்கப்பூர் போகிறவர்கூட இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

கார்டில் வெளிநாட்டு மருத்துவச் செலவு என்று போட்டிருந்தால் மூன்று கேள்வியை மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம்: ஆஸ்பத்திரியே நேரடியாகப் பணம் வாங்கிக்கொள்ளும் கேஷ்லெஸ் வசதி உண்டா, விபத்துக்கு மட்டுமா நோய்க்கும் சேர்த்தா, ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் வரை? எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பலன் இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பூம்பாறை · நவம்பர் 7, மாலை 5.30

தம்பி தாய்லாந்து போறான், அங்க ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பானாம். கார்டு போதுமா?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 7, மாலை 6.10

முதலில் லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸில் இருசக்கர வகுப்பு இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும், அது ஒரு வருடம் செல்லும். இவை இல்லாமல் விழுந்தால் கார்டும் பாலிசியும் கைவிரிக்கும். ஹெல்மெட் இல்லை, குடித்திருந்தார் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறினாலும் அதேதான். வாடகைக் கடைக்காரர் லைசென்ஸ் கேட்கவில்லை என்பதை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்காது.

பெருமாள்மலை · நவம்பர் 8, காலை 7.05

லக்கேஜ் பற்றி ஒரு வரி வந்தது, அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன், பெல்ட் பக்கத்திலேயே உள்ள கவுன்ட்டரில் புகார் எழுதி அந்தச் சீட்டை வாங்க வேண்டும். அது இல்லாமல் கார்டு, பாலிசி, விமான நிறுவனம் மூன்றுமே நகராது. பன்னாட்டு விமானத்துக்கு மான்ட்ரியால் ஒப்பந்தம் பொருந்தும்: பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 டாலருக்குச் சற்று மேல். முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள், மிச்சத்துக்குத்தான் இன்சூரன்ஸ்.

தாமதத்துக்கான பலன் பெரும்பாலும் 12 மணி நேரம் தாண்டினால். அப்போது வாங்கிய பல்துலக்கி, உள்ளாடை, ஸ்வெட்டருக்கு பில் வேண்டும். ஊர் திரும்பும்போது கோயம்புத்தூரில் பெட்டி தாமதமானால் பல பாலிசிகளில் இல்லை. நகை, பணம் எதிலும் சேராது; அம்மா தோடும் சங்கிலியும் கழுத்திலும் காதிலும் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

பூம்பாறை · நவம்பர் 8, காலை 7.40

நம்ம மலைப்பூண்டு ரெண்டு கிலோ கொடுத்து விடலாமா, ஜெர்மனிக்கு?

பெருமாள்மலை · நவம்பர் 8, காலை 8.15

விடாதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் காய்கறி, பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது ஐரோப்பிய ஒன்றியம். விலக்கு வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும். நெய், பால்கோவா, கறி வறுவலும் கூடாது. தேயிலைத் தூள் தாராளமாக. சுங்கத்தில் எடுத்துக்கொண்டதை லக்கேஜ் இழப்பு என்று கிளெய்ம் செய்ய முடியாது, பறிமுதல் எல்லாப் பாலிசியிலும் விலக்கு.

கோத்தகிரிக்காரன் · நவம்பர் 9, மதியம் 3.20

முடிவு பண்ணிட்டேன், ரெண்டு பேருக்கும் தனி பாலிசி, உள்வரம்பு இல்லாதது, 1 லட்சம் டாலர். டிசம்பர் 26ல இருந்து பிப்ரவரி 12 வரை. பி.பி. அறிவிச்சாச்சு. ஒரே சந்தேகம், கார்டுல, ஆதார்ல "க. போஜன்" மாதிரி இனிஷியல், பாஸ்போர்ட்ல விரிச்சு எழுதியிருக்கு. பாலிசில எப்படிப் போடறது?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 9, மாலை 4.00

பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. குடும்பப்பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால் பாலிசியிலும் காலியாகவோ, தளம் விடாவிட்டால் டிக்கெட்டில் போட்ட அதே முறையிலோ. டிக்கெட், விசா, பாலிசி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தவறு இருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்தச் சான்று கேட்டு வாங்குங்கள், கிளெய்ம் நேரத்தில் கேட்டால் நாள் ஓடும். பணம் வரும் வங்கிக் கணக்கின் பெயர் இனிஷியலோடு இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற கடிதத்தைக் கிளையில் வாங்கி வையுங்கள்.

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 9, மாலை 4.35

தங்கச்சிக்கு அனுப்ப வேண்டியது. அவசரம் என்றால் 112. இரவில், வார விடுமுறையில் அவசரமில்லாத டாக்டர் தேவைக்கு 116117. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே பாலிசிச் சான்றிதழில் உள்ள உதவி எண்ணுக்குப் பேச வேண்டும், பல பாலிசிகளில் 24 மணி நேர வரம்பு. அவர்கள் ஒரு கோப்பு எண் கொடுப்பார்கள். அதை ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் கொடுத்தால்தான் கேஷ்லெஸ் பேச்சே ஆரம்பிக்கும். அந்த உதவி எண்ணை அப்பாவின் போனிலும் தங்கச்சியின் போனிலும் இன்றே சேமியுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் வகைக்குக் கேஷ்லெஸ் எதிர்பார்க்காதீர்கள். பணம் கட்டி, ஊர் வந்து ரூபாயில் திரும்ப வாங்குவது. அதற்கு: மூல பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் எழுதிய நோய்க் குறிப்பு, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், ரத்து செய்த காசோலை. பில் வேறு, ரசீது வேறு. ஜெர்மனியில் பில் தபாலில் பின்னால் வரும், ஊர் திரும்பியபின்கூட. தங்கச்சி அதைக் கட்டிவிட்டு வங்கிப் பரிமாற்றச் சான்றைப் பி.டி.எஃப்.பாக எடுத்துவைக்கட்டும்.

போர்டிங் பாஸை விமான நிறுவனச் செயலியில் விட்டுவைக்க வேண்டாம், பயணம் முடிந்ததும் மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதில் மின்பதிவு படிப்படியாக அறிமுகமானது. முத்திரையில்லாத பாஸ்போர்ட்டில் நுழைந்த தேதியைக் காட்ட அந்த போர்டிங் பாஸ்தான் கைகொடுக்கும்.

வெலிங்டன்_வங்கி · நவம்பர் 10, காலை 10.05

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பது விடுபட்டது. முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளத்தில் போடலாம், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடமும் (புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை, மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள். கார்டு காப்பீட்டைப் போல குழு பாலிசியில் உள்ளவருக்கும் இது திறந்திருக்கிறது. பேங்க் தன் வேலையைச் செய்யவில்லை, நாமினியைப் பதியவில்லை என்ற குறை மட்டும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்கு.

பெருமாள்மலை · நவம்பர் 10, மாலை 6.20

திரும்பும் விமானம் பிராங்க்பர்ட்டில் தாமதமாகி, சென்னையில் 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தி இறங்கினால், இன்சூரன்ஸுக்கு முன் ஐரோப்பிய ஒன்றிய விதி 261/2004ஐ நினைவில் வையுங்கள். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஆளுக்கு 600 யூரோ வரை விமான நிறுவனமே தர வேண்டும். கடும் பனி போன்ற அதன் கையில் இல்லாத காரணமென்றால் இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் எந்தக் காரணமானாலும் உண்டு.

கோத்தகிரிக்காரன் · நவம்பர் 16, காலை 9.30

பாலிசி வந்துடுச்சு, பேர் சரியா இருக்கு. விசா நேர்காணல் 21ஆம் தேதி சென்னைல. தங்கச்சி இன்னும் பத்து நாள் கூட இருக்கச் சொல்றா. பாலிசிய அப்புறம் நீட்டிக்க முடியுமா?

கேத்தி_பள்ளத்தாக்கு · நவம்பர் 16, காலை 10.00

முடியும், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே கேட்டால். முடிந்த மறுநாள் கேட்டால் புதிதாக எடுக்கச் சொல்வார்கள், அதை அங்கிருந்து எடுக்க முடியாது. நீட்டிக்கும்போது உடல்நிலை நன்றாக இருக்கிறது, கிளெய்ம் எதுவும் இல்லை என்று எழுதிக் கேட்பார்கள். அப்பா அதற்குள் ஒரு தடவை டாக்டரைப் பார்த்திருந்தால் மறுக்கலாம். பத்து நாள் வாய்ப்பு இருக்கிறது என்று இப்போதே தெரிந்தால், 21ஆம் தேதிக்கு முன் விண்ணப்பப் படிவம், டிக்கெட், பாலிசி மூன்றிலும் தேதியை மாற்றிவிடுங்கள். விசாவில் எத்தனை நாள் போடுகிறார்களோ அத்தனை நாள்தான் தங்க முடியும், பாலிசி நீண்டிருந்தாலும்.